ஒரு ஷிப்டும் ஒன்றரை ஷிப்டும்: பெண்ணின் ஊதியத்தை எந்தக் கோலால் அளப்பது?

திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், மாதக் கணக்கில் பதில் வராது. ‘ஷிப்டுக்கு இவ்வளவு’ என்பார். காலையில் தொடங்கி மாலைவரை எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு ஷிப்ட். இருட்டிய பிறகும் நான்கு மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிச் சரக்கை அனுப்பியே ஆக வேண்டிய வாரங்களில் ஒன்றரை ஷிப்ட்தான் நடைமுறை. சனிக்கிழமை கணக்கு முடித்து வாரச் சம்பளம் கைக்கு வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதிய இடைவெளி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தேடுவோர் கொங்கு நாட்டில் முதலில் இடறுவது இந்த ஷிப்ட் கணக்கில்தான்.

ஓர் எளிய கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே நிறுவனத்தில் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் தையல் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் ஷிப்டுக்கு 500 ரூபாய். பாகுபாடு ஏதும் இல்லை. வாரத்தின் ஆறு நாள்களும் ஆண் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறார். அவருக்கு ஒன்பது ஷிப்ட், 4,500 ரூபாய். பெண் ஒரு ஷிப்டோடு கிளம்பிவிடுகிறார். அவருக்கு ஆறு ஷிப்ட், 3,000 ரூபாய். வாரச் சம்பளத்தை ஒப்பிட்டால் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. மணிக் கணக்கில் ஒப்பிட்டால் இருவருக்குமே 62 ரூபாய் 50 காசு, இடைவெளி பூஜ்யம். முதலாளி சொல்வதும் உண்மை, பெண் சொல்வதும் உண்மை.

இதே கணக்கில் சட்டத்தைக் கொண்டுவந்தால் இன்னொரு விசித்திரம் நேர்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. அதன்படி, அந்த ஆண் கூடுதலாகச் செய்த 24 மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் அல்ல, 3,000 ரூபாய் தர வேண்டும். அவருடைய வாரச் சம்பளம் 6,000 ரூபாய் ஆகிவிடும். இப்போது வாரக் கணக்கில் இடைவெளி 50 சதவீதம். மணிக் கணக்கிலும் 25 சதவீதம். சட்டத்தை மதிக்கும் நிறுவனத்தில் ஊதிய இடைவெளி கூடுதலாகவும், மீறும் நிறுவனத்தில் பூஜ்யமாகவும் தெரிகிறது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தைப் பாராட்டுவதோ தூற்றுவதோ எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

பெண் ஏன் ஒரு ஷிப்டோடு கிளம்புகிறார்? ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். மாலையில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போகவில்லை. கூலியில்லாத இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறார். சட்டமும் நீண்ட காலம் இதற்குத் துணை நின்றது. தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை, அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்தது 2000ஆம் ஆண்டில்தான். பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அந்தத் தடை, கூடுதல் வருமானம் கிடைக்கும் நேரத்தை ஆண்களுக்கென்று ஒதுக்கிவைத்த ஏற்பாடாகவும் இருந்தது.

2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவில் வழக்கறிஞர், நிதித் துறை போன்ற உயர்பணிகளை வைத்து இதைத்தான் விளக்கினார். அழைத்த நேரத்துக்கு வந்து நிற்பவருக்கு அளவுக்கு மீறிச் சன்மானம் தரும் வேலைகளில், குழந்தை பிறந்த பிறகு பெண்ணின் ஊதியம் பின்தங்கிவிடுகிறது என்பது அவருடைய வாதம். நியூயார்க் அலுவலகத்துக்கும் அவிநாசி சாலைக்கும் சம்பளத்தில் ஒப்புமையே கிடையாது. ஆனால், நேரத்துக்குக் கொடுக்கும் விலை என்ற தர்க்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

சராசரியா, இடைநிலையா?

காலத்தின் அலகை முடிவுசெய்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. அடுத்து, யாரை யாரோடு ஒப்பிடுவது?

திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேசிச் சம்பள ஒப்பந்தம் போடுவது வழக்கம். அந்த ஒப்பந்தங்களில் ஆண், பெண் என்ற சொற்கள் தேவைப்படுவதில்லை. கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு வரிசை. செக்கிங், லேபிள், கைமடி, டேமேஜ் பார்த்தல், அடுக்கிக் கட்டுதல் என்று குறைந்த கூலியுள்ள இன்னொரு வரிசை. முதல் வரிசையில் ஆண்கள் மிகுதி, இரண்டாம் வரிசையில் பெண்கள் மிகுதி என்பது நிறுவனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தையல்கூட ஒரு காலத்தில் ஆண்களின் கோட்டையாகவே இருந்தது. எண்பதுகளுக்குப் பிறகு ஏற்றுமதி பெருகி, ஆள் தேவை கூடியபோதுதான் பெண்கள் பெருமளவில் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு. இருபது பேர் வேலை செய்யும் ஒரு பிரிவு. பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். முதல் வரிசை வேலைக்கு ஷிப்டுக்கு 600 ரூபாய், இரண்டாம் வரிசைக்கு 400 ரூபாய். ஆண்களில் எட்டுப் பேர் முதல் வரிசையில், இரண்டு பேர் இரண்டாம் வரிசையில். பெண்களில் மூன்று பேர் முதல் வரிசையில், ஏழு பேர் இரண்டாம் வரிசையில். ஆண்களின் சராசரிக் கூலி 560 ரூபாய், பெண்களின் சராசரி 460 ரூபாய். ஆகவே, இடைவெளி ஏறக்குறைய 18 சதவீதம். சராசரிக்குப் பதிலாக, வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கூலியை, அதாவது இடைநிலை அளவை எடுத்துக்கொண்டால், ஆணுக்கு 600, பெண்ணுக்கு 400. இடைவெளி 33 சதவீதம். ஒரே வேலை செய்யும் ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒப்பிட்டால் இடைவெளியே இல்லை. ஒரே கூரையின் கீழ் மூன்று எண்கள். மூன்றுமே கணக்குப் பிசகாதவை.

நாளிதழ்களில் ‘பெண்களுக்கு இத்தனை சதவீதம் ஊதியம் குறைவு’ என்று வரும் செய்திகளில் இவற்றில் எது பயன்படுத்தப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சதவீதம் எதன் மீது கணக்கிடப்பட்டது என்பதும் அப்படித்தான். ஆணுக்கு 600, பெண்ணுக்கு 400 என்றால், ஆணைவிடப் பெண்ணுக்கு 33 சதவீதம் குறைவு. பெண்ணைவிட ஆணுக்கு 50 சதவீதம் கூடுதல். ஆணின் ஊதியத்தை அடிப்படையாகக் கொள்வதே உலகெங்கும் உள்ள மரபு என்றாலும், விவாத மேடைகளில் எந்த எண் வசதியோ அது எடுக்கப்படுகிறது.

மூன்றாவது எண்ணான பூஜ்யத்துக்குத்தான் கல்விப்புலத்தில் மதிப்பு அதிகம். ரொனால்டு ஓஹாகா, ஆலன் பிளைண்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973இல் தனித்தனியே முன்வைத்த முறை ஒன்று இன்றும் கையாளப்படுகிறது. மொத்த இடைவெளியை இரண்டாகப் பிரிப்பது அதன் உத்தி. கல்வி, வயது, அனுபவம், தொழில் ஆகிய வேறுபாடுகளால் வரும் இடைவெளி ‘விளக்கப்பட்ட’ பகுதி. அவையெல்லாம் சமமாக இருந்தும் எஞ்சி நிற்பது ‘விளக்கப்படாத’ பகுதி. பாகுபாடு ஒளிந்திருக்கும் இடம் அதுவே என்று கொள்ளப்படுகிறது. முறையில் குற்றமில்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் சிக்கல். ‘விளக்கப்பட்டது’ என்றாலே ‘நியாயமானது’ என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நம்முடைய இருபது பேர் கணக்கில் இடைவெளி முழுவதையும் ‘வேலைப் பிரிவு’ விளக்கிவிடுகிறது. பெண் ஏன் கைமடியில் இருக்கிறார், கைமடிக்கு ஏன் குறைந்த கூலி என்ற இரண்டு கேள்விகளையும் அந்த விளக்கம் தொடவே இல்லை.

கட்டட வேலையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கொத்தனாருக்கு உதவியாக நிற்கும் ஆண் ‘பெரியாள்’, பெண் ‘சித்தாள்’. கலவையைக் குழைப்பதும் சுமப்பதும் செங்கல்லை எடுத்துக் கொடுப்பதும் இருவரின் வேலைகளும்தான். எல்லை அன்றன்றைக்கு மாறும். கூலி மட்டும் பெயரைப் பொறுத்தது. புள்ளிவிவரப் படிவத்தில் பெரியாள், சித்தாள் என்று இரண்டு தொழில்களாக எழுதிவிட்டால், ‘ஒரே தொழிலில் ஆண், பெண் ஊதிய இடைவெளி இல்லை’ என்ற முடிவு தானாக வந்துவிடும். சித்தாளாகச் சேர்ந்த ஆண் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராவது இயல்பாகக் கருதப்படுகிறது. கொங்கு நாட்டில் எத்தனை பெண் கொத்தனார்களைப் பார்த்திருக்கிறோம்?

சட்டம் எதைக் கேட்கிறது?

‘ஆண், பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம்’ என்பது அரசமைப்பின் 39ஆவது கூறு அரசுக்கு இட்டிருக்கும் வழிகாட்டுதல். அதை நடைமுறைப்படுத்த 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது; தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ செய்பவர்களிடையே ஊதியத்தில் பாலினப் பாகுபாடு கூடாது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டின் 100ஆவது உடன்படிக்கை இதைவிட ஒரு படி முன்னே செல்கிறது. அது கேட்பது ‘சம மதிப்புள்ள வேலைக்கு’ சம ஊதியம். இந்தியா 1958இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆனாலும், நம் சட்டத்தின் சொற்கள் ‘ஒத்த தன்மை’ என்பதோடு நின்றுவிட்டன. சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இந்த வேறுபாட்டில்தான் ஆயிரக்கணக்கான பெண்களின் சனிக்கிழமைக் கூலி அடங்கியிருக்கிறது. அயர்னிங்கும் செக்கிங்கும் ஒத்த தன்மையுள்ள வேலைகள் அல்ல. ஒன்று சூட்டில் நின்று செய்வது, மற்றொன்று விளக்கொளியில் கண்ணை நட்டுத் துணியைப் பார்ப்பது. ஆனால், மதிப்பு? ஒரு தையல் பிழை கண்ணில் தப்பினால் வெளிநாட்டு வாங்குநர் சரக்கையே திருப்பி அனுப்பக்கூடும். திறன், முயற்சி, பொறுப்பு, பணிச்சூழல் ஆகிய நான்கையும் வைத்து எடைபோட்டால், செக்கிங் செய்யும் பெண்ணின் கூலி இன்றுள்ள இடத்தில் நிற்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. நம் சட்டம் அதைக் கேட்க இடம் தரவில்லை.

இருக்கும் சட்டத்துக்கே பல் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் அளித்த தீர்ப்பைக் கொங்கு நாட்டுத் தொழிற்சங்கத்தினர் அடிக்கடி எடுத்துப் படிக்கலாம். ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிட அவருக்கு ஊதியம் குறைவாக இருந்தது. பெண் சுருக்கெழுத்தாளர்கள் தனிப் பிரிவினர் என்றும், தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படியே ஊதியம் தரப்படுகிறது என்றும் நிறுவனம் வாதிட்டது. ஒப்பந்தம் இருப்பது பாகுபாட்டுக்குக் காரணமாகாது. கொடுக்க வசதியில்லை என்பதும் காரணமாகாது என்றது நீதிமன்றம். வேலையின் பெயரைப் பார்க்காமல் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பரந்த நோக்கில் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். சம்பள ஒப்பந்தங்களையே அடித்தளமாகக் கொண்டு இயங்கும் ஒரு வட்டாரத்துக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

கணக்கில் வராத பெண்கள்

இந்தியாவில் ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேற்கோள் காட்டுவது, 2017-18 முதல் நடத்தப்பட்டுவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை. வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் இந்தக் கணக்கெடுப்பு, உழைப்பவர்களை மூன்றாகப் பிரித்து மூன்று விதமாக வருமானம் கேட்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் கடந்த நாள்காட்டி மாதத்தின் சம்பளம். சுயதொழில் என்றால் கடந்த 30 நாள் வருமானம். அன்றாடக் கூலி என்றால் கடந்த ஏழு நாள்களில் நாள்வாரியாகப் பெற்ற கூலி. மூன்றும் தனித்தனி அட்டவணைகளாக வெளியாகின்றன. ஆண்டு முழுவதும் ஒரே நிறுவனத்துக்குப் போய், எழுத்துபூர்வமான ஒப்பந்தம் ஏதுமின்றி, ஷிப்ட் கணக்கில் வாரக்கூலி வாங்கும் திருப்பூர்ப் பெண் இவற்றில் எந்தப் பெட்டிக்குள் வருவார்? கணக்கெடுப்பாளர் அன்றைக்கு எடுக்கும் முடிவைப் பொறுத்து அவர் ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுகிறார். இந்தக் கணக்கெடுப்பு வேலை நேரத்தையும் பதிவுசெய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மணிக் கணக்கிலான இடைவெளியைக் கண்டறிய மூலத் தரவு இருக்கிறது. தலைப்புச் செய்திகளுக்குத்தான் அது எட்டுவதில்லை.

சோமனூரிலும் பல்லடத்திலும் நிலைமை வேறு. அங்கே கூலிக்கு நெசவு செய்து கொடுக்கும் சிறு விசைத்தறிக் கூடங்கள் ஏராளம். கணவர் தறியைப் பார்த்துக்கொள்ள, மனைவி தார் சுற்றுவார், அறுந்த இழையை முடிவார், கணவர் வெளியே போனால் தறியையும் ஓட்டுவார். கூலி வருவது கணவர் பெயரில். கணக்கெடுப்பின் மொழியில் இந்தப் பெண் ‘குடும்பத் தொழிலில் ஊதியமற்ற உதவியாளர்’. நாடு முழுவதும் உழைக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தப் பிரிவில்தான் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் உயர்ந்திருக்கிறது என்று பெருமையோடு சொல்லும்போது இவர்கள் கணக்கில் உண்டு; ஊதிய இடைவெளியைக் கணக்கிடும்போது இல்லை. ஊதியமே இல்லாதவரை எந்த ஊதியத்தோடு ஒப்பிடுவது என்ற தர்க்கம் சரிதான். ஆனால், 100 சதவீத இடைவெளி உள்ளவர்களை எல்லாம் விலக்கிவிட்டு எஞ்சியவர்களை மட்டும் அளந்தால் கிடைக்கும் எண் எவ்வளவு இளைத்துப்போனது என்பதை மறந்துவிடக் கூடாது.

நூற்பாலைகளில் இன்னொரு வகை மறைவு இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டதும், அதன் மீது கடும் விமர்சனங்கள் எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் இறுதியில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை மொத்தத் தொகை கிடைக்கும் என்பது வாக்குறுதி. 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,111 ரூபாய். இதை மாத ஊதியத்தோடு கூட்டலாமா? மூன்று ஆண்டை முடித்தவருக்குக் கூட்டலாம். உடல்நலம் கெட்டு முப்பதாவது மாதத்தில் ஊருக்குத் திரும்பி, தொகை மறுக்கப்பட்டவருக்கு அது பூஜ்யம். விடுதிக்கும் உணவுக்கும் பிடித்துக்கொண்டதை ஊதியமாகக் கணக்கிடுவதா, செலவாகக் கணக்கிடுவதா? தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளின் விதிப்படி விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் தனியொரு ‘குடும்பம்’. விதி அப்படி இருந்தாலும், ஆலை வளாகத்துக்குள் இருக்கும் விடுதியின் வாசலைத் தாண்டி, மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நேரத்தில் ஒரு பெண்ணிடம் சம்பளம் கேட்பது எவ்வளவு எளிது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

வயலுக்கு வந்தால் அளவுகோல் இன்னும் கரடுமுரடானது. ஈரோட்டு மஞ்சள் காட்டில் மண்ணைக் கொத்திக் கிழங்கைப் பெயர்ப்பது பெரும்பாலும் ஆண். பொறுக்கி, உடைத்து, மண் உதிர்ப்பது பெண். இருவருக்கும் நாள்கூலி வேறு, வேலை நேரமும் வேறு. நாள்கூலியை மட்டும் ஒப்பிட்டால், நேர வேறுபாடு இடைவெளிக்குள் கலந்துவிடும். ரிசர்வ் வங்கியின் மாநிலங்களுக்கான புள்ளிவிவரக் கையேட்டில் ‘வேளாண் தொழிலாளரின் சராசரி நாள்கூலி’ என்று ஆண்டுதோறும் மேற்கோள் காட்டப்படும் அட்டவணை ஆண்களின் கூலியைக் காட்டுவது. கேரளத்தில் இவ்வளவு, தமிழ்நாட்டில் இவ்வளவு என்று மாநிலங்களின் தரவரிசை பேசப்படும்போது, களையெடுக்கும் பெண்ணின் கூலி அதில் இல்லை என்பதை யாரும் குறிப்பிடுவதில்லை.

கிராமப்புறத்தில் நம்பத்தகுந்த ஒரு மறைமுக அளவுகோல், விந்தையாக, நூறு நாள் வேலையிலிருந்து கிடைத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த அந்தத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம். தமிழ்நாட்டில் அந்த வேலை நாள்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவை. ஆண்கள் சோம்பேறிகள் என்பதல்ல இதன் பொருள். அவர்களுக்கு வெளியே கிடைத்த கூலி திட்டக் கூலியைவிட அதிகம். பெண்களுக்கு அப்படி இல்லை. எந்தப் படிவமும் இல்லாமல், யார் அந்த வேலைக்கு வந்து நின்றார்கள் என்பதே சந்தையின் பாகுபாட்டைச் சொல்லிவிட்டது.

உலக எண்களில் எச்சரிக்கை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-19ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், உலக அளவில் பெண்களின் ஊதியம் ஆண்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. அதே அறிக்கை ஒரு திருத்தத்தையும் செய்தது. எல்லோரையும் ஒரே குவியலாகப் போட்டுச் சராசரி எடுக்காமல், கல்வி, வயது, முழுநேரமா பகுதிநேரமா, அரசா தனியாரா என்று சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒப்பிட்டுப் பிறகு சேர்த்தது. அப்படிச் செய்தபோது, மணி ஊதியச் சராசரியில் ஏறக்குறைய 16 சதவீதமாகத் தெரிந்த இடைவெளி 19 சதவீதமானது.

குறைந்த எண் எப்போதும் நல்ல செய்தி அல்ல என்பதற்கு இத்தாலி சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுச் சராசரி இடைவெளி 12.7 சதவீதம், இத்தாலியில் அது 5 சதவீதத்துக்கும் கீழ். ஆனால், பெண்கள் வேலைக்குப் போகும் விகிதத்தில் இத்தாலி ஒன்றியத்தின் கடைசி வரிசையில் நிற்கிறது. குறைந்த ஊதியம் கிடைக்கக்கூடிய பெண்கள் வேலைக்கே வரவில்லை என்றால், வந்திருக்கும் சிலரின் சராசரி உயர்வாகத்தான் இருக்கும். இந்தியாவில் 2023-24 கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்கள் 78.8 சதவீதமும் பெண்கள் 41.7 சதவீதமும் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். கோவையின் பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்துத் திருமணத்துக்குப் பின் வீட்டில் இருக்கும் பெண்களின் ஊதியம் எந்தச் சராசரியையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிக் குறியீடு ஆண்டுதோறும் பரபரப்பாகப் பேசப்படுகிறது. 2025இல் 148 நாடுகளில் இந்தியாவுக்கு 131ஆவது இடம். அதில் ‘ஒத்த வேலைக்கு ஊதிய சமத்துவம்’ என்ற கூறு தொழில் நிறுவன நிர்வாகிகளிடம் கருத்துக் கேட்டுத் தயாரிக்கப்படுவது. கூலி கொடுப்பவர்களின் அபிப்பிராயத்துக்கு ஓர் இடம் இருக்கலாம். அதைக் கூலியின் அளவு என்று சொல்வதற்கில்லை.

நிறுவனங்களே தங்கள் எண்ணை வெளியிட வேண்டும் என்பது புதிய போக்கு. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2017 முதல் தங்கள் ஊதிய இடைவெளியை அறிவிக்கின்றன. இந்தியாவில் செபி அமைப்பு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களிடம் ஆண், பெண் இடைநிலை ஊதியத்தைக் கேட்டுப் பெறுகிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால், நாட்டின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். திருப்பூரின் உள் ஒப்பந்தக் கூடங்களும் பவர்டேபிள் நிறுவனங்களும் அந்த 1,000க்குள் இல்லை.

அவர்களுக்குத் தெரியும்படியான ஒரே ஆவணம் ஊதியச் சீட்டுதான். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதை வழங்குவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழ்நாடு அரசு தன் விதிகளையும் ஆய்வு நடைமுறைகளையும் வகுக்கும்போது இரண்டு செய்திகளில் கறாராக இருக்க வேண்டும். முதலாவது, ஷிப்ட் எண்ணிக்கையோடு வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் சீட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஒன்றரை ஷிப்டின் அரை ஷிப்டுக்கு இருமடங்கு கொடுக்கப்பட்டதா என்பதும், அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதும் தெரியும். இரண்டாவது, வேலையின் பெயர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து நாள் முழுவதும் தைக்கும் பெண்ணின் சீட்டில் ‘ஹெல்பர்’ என்று எழுதப்பட்டிருந்தால், எந்தக் கணக்கெடுப்பும் எந்தச் சூத்திரமும் அதைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, மெஷின் அருகே போய் நின்று பார்த்தால்தான் அது தெரியும்.